ரிப்போர்ட் ஏன் இன்னும் வரவில்லை?

"காலையில் காப்பி குடிக்காமல் வந்து இரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள், சாயங்காலம் ரிப்போர்ட் வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார்கள். நீங்களும் பக்கத்து வீட்டுக் காப்பி வாசனையைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, போய்க் கையை நீட்டிவிட்டு வருகிறீர்கள். சாயங்காலம் போனால், ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண், "இன்னும் வரலை, அம்மா. நாளைக்கு வாங்க" என்கிறாள். இத்தனூண்டு இரத்தத்தைப் பார்க்க இவ்வளவு நேரமா? உள்ளே உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்களா என்று உங்களுக்குக் கோபம் வருமா, வராதா?

வரும். வந்ததை நான் காதாரக் கேட்டிருக்கிறேன். அந்த ஜன்னலுக்குப் பின்னால் இன்னும் இரண்டு கதவு தாண்டி, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைச் சாலையில், 1983 முதல் 2016 வரை டெக்னீஷியனாக உத்தியோகம் பார்த்தவள் நான். அரட்டையும் அடித்திருக்கிறோம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரிப்போர்ட் தாமதமாவதற்கு அது காரணம் அல்ல. உள்ளே என்னதான் நடக்கிறது என்று உங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை.

முதலில் பெயர். ஊசியைக் கையில் எடுக்கும் முன்பு "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்பார்கள். சீட்டிலே எழுதியிருக்கிறதே, மறுபடியும் ஏன் கேட்க வேண்டும் என்று தோன்றும். கூட வந்திருக்கும் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார். ஆனால் உங்கள் வாயால் நீங்களே சொன்னால்தான் எங்களுக்குத் திருப்தி. "நீங்கதானே விஜயலட்சுமி?" என்று கேட்கக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். காய்ச்சலில் படுத்திருப்பவரிடமும், காது சரியாகக் கேட்காத பாட்டியிடமும் அப்படிக் கேட்டால், எதற்கும் "ஆமாம்" என்றுதான் தலையாட்டுவார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரே வார்டில் ஒரே நாளில் நான்கு விஜயலட்சுமிகள் படுத்திருந்தது உண்டு. அதனால் பெயரோடு வயசோ, ஆஸ்பத்திரி நம்பரோ இன்னொன்றும் கேட்பார்கள். குழாயில் சீட்டை ஒட்டுவதும் உங்கள் கண் முன்னாலேயே நடக்க வேண்டும். எத்தனை லட்ச ரூபாய் மெஷினாக இருந்தாலும், பெயர் மாறிய குழாயை அதனால் கண்டுபிடிக்க முடியாது. இந்த விஜயலட்சுமியின் சர்க்கரையை அந்த விஜயலட்சுமியின் பெயரில் வெகு துல்லியமாக அச்சடித்துக் கொடுத்துவிடும்!

அடுத்தது குழாய்கள். ஊதா மூடி, சாம்பல் மூடி, மஞ்சள் மூடி, நீல மூடி என்று வளையல் கடை மாதிரி வைத்திருப்பார்கள். எல்லாம் அழகுக்காக அல்ல. இரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் அதிலுள்ள அணுக்கள் உயிரோடு இருக்கின்றன, பசிக்கிறது, அந்த இரத்தத்திலுள்ள சர்க்கரையையே தின்னத் தொடங்குகின்றன. சும்மா வைத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கு ஐந்து, ஏழு பங்கு சர்க்கரை காணாமல் போய்விடும். மத்தியானம் வரை வைத்திருந்து பார்த்தால், சர்க்கரை வியாதிக்காரருக்கு வியாதியே இல்லை என்று ஆகிவிடும்! சாம்பல் மூடிக் குழாயின் அடியிலுள்ள ஃபுளோரைடு உப்பு, இந்தத் திருட்டைத் தடுப்பதற்கென்று போட்டது. ஊதா மூடியில் இருப்பது வேறொரு உப்பு; இரத்தம் உறையாமல் அது பார்த்துக்கொள்ளும். அந்த உப்பில் பொட்டாசியம் உண்டு. ஊதாக் குழாயிலிருந்து துளி இரத்தம் மஞ்சள் குழாயில் தவறிக் கலந்தால் போதும், பொட்டாசியம் தாறுமாறாக ஏறி, கால்சியம் இறங்கி, நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் மனிதர் காகிதத்தில் மட்டும் சாகக் கிடப்பார். எங்கள் மூத்த டெக்னீஷியன் ஒருவர் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்த மாத்திரத்தில், "எவனோ ஊதாவிலேருந்து ஊத்தியிருக்கான்" என்று துப்பறியும் சாம்பு மாதிரி சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

"மறுபடியும் வந்து இரத்தம் கொடுங்கள்" என்று டெலிபோன் வந்தால் நீங்கள் சண்டைக்குப் போகிறீர்களே, அதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. நரம்பு கிடைக்காமல் கஷ்டப்பட்டு இழுத்த இரத்தத்தில் சிவப்பு அணுக்கள் உடைந்துபோகும். குழாயை வேகமாகக் குலுக்கினாலும் அப்படியே. அணுக்களுக்குள் அடைந்து கிடந்த பொட்டாசியம் வெளியே கொட்டிவிடும். குழாயைச் சுழல்யந்திரத்தில் வைத்துச் சுற்றினதும் மேலே தெளிந்து நிற்கும் நீர், வைக்கோல் நிறத்தில் இருப்பதற்குப் பதிலாக ரோஜா நிறத்தில் இருக்கும். அதை வைத்து ரிப்போர்ட் கொடுப்பது சுலபம், கொடுக்கக் கூடாது. பொட்டாசியம் நிஜமாகவே ஏறினால் இருதயம் நின்றுவிடலாம். அது நிஜமா, உடைந்த அணுவின் வேலையா என்று தெரியாமல் டாக்டரிடம் ஓர் எண்ணை எப்படி நீட்டுவது? இரண்டாவது ஊசி போடுகிறவர்கள் உங்களுக்கு உபகாரம்தான் செய்கிறார்கள். வலிக்கிறது என்பது வாஸ்தவம்.

மெஷினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அணுக்களை எண்ணும் யந்திரத்துக்கு வழி கண்டவர் வாலஸ் கூல்ட்டர் என்ற அமெரிக்கர். 1953-ல் அதற்குப் பேடன்ட் வாங்கினார். மின்சாரம் ஓடும் உப்புத் தண்ணீரில் ஒரு நுண்ணிய துவாரம். அதன் வழியாக அணு ஒவ்வொன்றாகப் போகும்போது மின்சாரம் ஒரு க்ஷணம் தடைப்படும். அந்தத் தடைகளை எண்ணினால் கணக்கு முடிந்தது. நான் வேலையில் சேர்ந்தபோது கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு நாங்களே எண்ணினோம். வீட்டுக்கு வந்து அரிசி களைந்தாலும் கண் எண்ணத் தொடங்கும்!

மெஷின் வந்த பிறகும் கண்ணுக்கு வேலை போய்விடவில்லை. டெங்குக் காய்ச்சல் காலத்தில் "பிளேட்லெட் எத்தனை?" என்று குடும்பமே கூடி நின்று கேட்கிறதல்லவா? சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய பிளேட்லெட், இருபதாயிரம் என்று மெஷின் சொல்லும். வீட்டில் அழுகை ஆரம்பமாகிவிடும். ஆனால் அந்த இரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சிலருக்கு மட்டும் பிளேட்லெட்டுகள் கல்யாண வீட்டுப் பெண்கள் மாதிரி கும்பல் கும்பலாக ஒட்டிக்கொண்டு நிற்கும். ஊதா மூடியிலுள்ள உப்பு சில பேருடைய இரத்தத்தில் செய்யும் வேலை அது. கும்பலைத் தனித்தனி ஆளாக எண்ண மெஷினுக்குத் தெரியாது. நீல மூடிக் குழாயில் வேறு இரத்தம் எடுத்துப் பார்த்தால், நிஜக் கணக்கு வந்துவிடும். தகடு தேய்த்துப் பார்க்க அரை மணி கூடுதலாக ஆகிறது. அந்த அரை மணிக்குத்தான் ஜன்னலில் திட்டு விழுகிறது.

எங்களுக்கும் பரீட்சை உண்டு என்றால் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். தினமும் காலையில் நோயாளிகளின் இரத்தத்தைத் தொடும் முன்பு, விடை தெரிந்த மருந்து நீரை மெஷினில் போட்டுப் பார்க்க வேண்டும். விடை தப்பினால், சரியாகும் வரை ஒரு குழாயும் உள்ளே போகக் கூடாது. போதாக்குறைக்கு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலிருந்து, விடை சொல்லாத மாதிரிகள் தேசமெங்கும் உள்ள லாபரட்டரிகளுக்கு மாதா மாதம் வரும். நாங்கள் கண்ட எண்ணை எழுதி அனுப்பினால், மற்றவர்களோடு ஒப்பிட்டு மார்க் போட்டு அனுப்புவார்கள். ஐம்பது வயசில் பரீட்சைப் பயத்தோடு கவர் பிரித்த சுகம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இதுவரை சொன்னதெல்லாம் மணிக்கணக்கு. இனிமேல் நாள்கணக்கு.

சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கக் 'கல்ச்சர்' எழுதிக் கொடுக்கிறார்களே, அது ஏன் இரண்டு மூன்று நாள் ஆகிறது? கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இட்லி மாவைக் கரைத்த மாத்திரத்தில் பொங்கச் சொல்ல முடியுமா? அதுபோலத்தான். வட்டத் தட்டிலே ஜெல்லி போன்ற உணவை ஊற்றி ஆறவைத்து, அதன் மேல் மாதிரியைக் கோடு கோடாக இழுத்து, உடம்புச் சூடான 37 டிகிரியில் ஒரு ராத்திரி வைத்தால், மறுநாள் கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். அதிலிருந்து எடுத்து, மருந்து தோய்த்த காகிதப் பொட்டுகளோடு இன்னொரு ராத்திரி வைக்க வேண்டும். எந்தப் பொட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் வெறும் வட்டம் தெரிகிறதோ, அந்த மருந்து கேட்கும் என்று அர்த்தம். இந்த இரண்டு ராத்திரியைக் குறைக்கச் சொல்லி யாரிடம் மனுக் கொடுப்பது?

அந்த ஜெல்லியைப் பற்றி ஒரு விஷயம். அது கடல் பாசியிலிருந்து எடுத்த அகர். நம் வீடுகளில் 'சைனா கிராஸ்' என்று வாங்கிப் பாலில் காய்ச்சி, ஏலக்காய் போட்டு, குழந்தைகளுக்கு வெட்டிக் கொடுக்கிறோமே, அதேதான். அதை லாபரட்டரிக்குள் கொண்டுவந்தது எந்த விஞ்ஞானியுமல்ல, ஒரு வீட்டுக்காரி. 1881-ல் ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற மேதையிடம் வேலை செய்துகொண்டிருந்தவர் டாக்டர் வால்ட்டர் ஹெஸ்ஸே. அப்போது அவர்கள் ஜெலட்டினில் கிருமி வளர்த்தார்கள். வெயில் காலம் வந்தால் ஜெலட்டின் உருகித் தண்ணீராய் ஓடிவிடும். அலுத்துப்போன மனிதர் மனைவியிடம், "நீ செய்கிற ஜெல்லி மட்டும் எப்படி உருகாமல் நிற்கிறது?" என்று கேட்டார். ஃபேனி ஹெஸ்ஸே அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த டச்சுக்காரர்கள் பக்கத்தில் குடியிருந்தபோது, அவர்களிடம் கற்றுக்கொண்ட கைப்பக்குவம் இது என்று அகரைக் காட்டிக் கொடுத்தார். அதுமுதல் இன்று வரை உலகத்தில் உள்ள எல்லாப் பரிசோதனைச் சாலைகளிலும் அந்த அம்மாளின் சமையல் குறிப்புத்தான் நடக்கிறது. 1882-ல் காக் க்ஷயரோகக் கிருமியைக் கண்டுபிடித்து எழுதிய கட்டுரையில் அகரைக் குறிப்பிட்டார், அம்மாளைக் குறிப்பிடவில்லை. இதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

இனி, எல்லாவற்றிலும் அதிக நாள் பிடிப்பதும், அதிகப் பயத்தோடு காத்திருக்க வைப்பதுமான ஒன்றுக்கு வருகிறேன். உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதையைப் பார்ப்பது. கட்டியாக இருக்கலாம், எடுத்துவிட்ட கர்ப்பப்பையாக இருக்கலாம், ஊசியால் குத்தி எடுத்த நூல் போன்ற துண்டாக இருக்கலாம்.

சதை வெளியே வந்த நிமிஷத்திலிருந்து கெடத் தொடங்குகிறது. அதைத் தடுப்பது ஃபார்மலின் என்ற, கண்ணைக் கரிக்கிற தண்ணீர். சதையைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலினில், சின்னத் துண்டானாலும் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற வேண்டும். ஊறுகாய்க்கு உப்புப் பிடிப்பதற்கு அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு பதாலஜிஸ்ட் டாக்டர் அதைப் பார்த்து, தொட்டு, அளந்து, தேவையான இடங்களிலிருந்து மெல்லிய வில்லைகளாக வெட்டி எடுப்பார். அவை நம்பர் போட்ட சின்னச் சின்னப் பெட்டிகளில் அடைபட்டு, ராத்திரி முழுவதும் ஒரு மெஷினில் முழுகி எழுந்திருக்கும். முதலில் ஸ்பிரிட்டில், சதையிலுள்ள தண்ணீர் போவதற்கு. அப்புறம் ஸைலின் என்ற திரவத்தில், ஸ்பிரிட் போவதற்கு. கடைசியில் உருகின மெழுகில். தண்ணீருக்கும் மெழுகுக்கும் ஆகாது. அதனால்தான் இத்தனை சுற்று வழி. காலையில் பார்த்தால் சதை இருந்த இடத்தில் மெழுகு நிறைந்திருக்கும். அதை மெழுகுக் கட்டியாக வார்த்து, பனிக்கட்டி மேல் வைத்து இறுகவிட்டு, வெட்ட உட்கார்ந்தால் அதுதான் என் வேலை.

ஒரு மில்லிமீட்டரில் 250-ல் ஒரு பங்கு கனம். அவ்வளவு மெல்லியதாக வெட்ட வேண்டும். சக்கரத்தைச் சுற்றச் சுற்ற, கத்தியின் விளிம்பிலிருந்து மெழுகு நாடா சுருள் சுருளாக வரும். மூச்சு விட்டால் பறந்துவிடும். அதனால் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் வெட்டுவோம். சென்னையில், மே மாதத்தில்! நாடாவைத் தூரிகையால் ஏந்தி வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டால், சுருக்கம் நீங்கி விரியும். கண்ணாடித் தகட்டை அடியில் விட்டு, கோலம் கலையாமல் தூக்குவது போல் தூக்க வேண்டும். அப்புறம் சாயம். மெக்ஸிகோப் பக்கத்தில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுத்த சாயம் அணுக்களின் கருவை நீலமாக்கும். இன்னொரு சாயம் மற்றதையெல்லாம் ரோஜா நிறமாக்கும். அந்த நீலப் பொட்டுகள் ஒழுங்காக ஒரே அளவில் அடங்கி நிற்கின்றனவா, அல்லது பருத்து, கறுத்து, வரிசை கலைந்து கிடக்கின்றனவா என்பதில்தான் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து இருக்கிறது. அதைப் படித்துச் சொல்கிற பதாலஜிஸ்டை நீங்கள் பெரும்பாலும் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஒரு தடவை வெளியூர் நர்ஸிங் ஹோம் ஒன்றிலிருந்து ஒரு பையன் பாட்டில் கொண்டுவந்தான். அவன் அம்மாவின் மார்பிலிருந்து எடுத்த கட்டி. பஸ்ஸில் ராத்திரி முழுவதும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். மூடியைத் திறந்தால் ஃபார்மலின் வாசனை இல்லை. வேறு வாசனை. அவர்கள் கட்டியை வெறும் உப்புத் தண்ணீரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எங்கள் டாக்டர் எப்படியோ பார்த்து, என்ன வியாதி என்கிற வரையில் சொல்லிவிட்டார். எந்த மருந்து கேட்கும் என்பதைச் சொல்ல அந்தச் சதையால் முடியவில்லை. மறுபடியும் ஊசி போட்டு எடுக்க வேண்டும் என்றபோது அந்தப் பையன், "நான் பத்திரமாத்தான் கொண்டுவந்தேன், மேடம்" என்றான். அது நிஜம். ஆகையால் சொல்லுகிறேன்: பாட்டிலை உங்கள் கையில் கொடுத்தால், "இது ஃபார்மலின்தானே? எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று பயப்பட வேண்டாம். கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும்.

2009-ல் என் தங்கையின் பெயர் எழுதிய குப்பி என் மேஜைக்கு வந்தது. மார்பில் சுண்டைக்காய் அளவுக் கட்டி. பெண்ணின் கல்யாணம் முடியட்டும் என்று மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். ஊசியால் எடுத்த நான்கு நூல் துண்டுகள். வெட்டுவதற்குக் கத்தியைப் பொருத்தினேன். பக்கத்து மேஜையில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "நீ எழுந்திரு. நான் பார்த்துக்கறேன்" என்றார். எழுந்துவிட்டேன்.

தினமும் ராத்திரி தங்கை டெலிபோன் செய்வாள். "அக்கா, உன் ஆஸ்பத்திரியிலதானே இருக்கு, என்னன்னு கேட்டுச் சொல்லக் கூடாதா?" செவ்வாய்க்கிழமை அது ஸ்பிரிட்டில் இருக்கிறது, புதன்கிழமை மெழுகில் இருக்கிறது என்று எனக்கு மணி தவறாமல் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? வியாழக்கிழமை எங்கள் டாக்டர் என்னைப் பார்த்து, "இன்னும் இரண்டு சாயம் போடச் சொல்லியிருக்கேன். திங்கட்கிழமை சொல்றேன்" என்றார். என்ன சாயம் என்று நான் கேட்கவில்லை, சீட்டில் இருந்தது. ஹார்மோன் ஏற்பிகளைத் தேடும் சாயம் அது. மார்பகச் சதையில் அதைப் போடச் சொல்வது புற்றுநோய் என்று தெரிந்த பிறகுதான். அன்று ராத்திரி டெலிபோன் மணி அடித்தபோது, "இன்னும் சாயம் போட வேண்டியிருக்காம். திங்கட்கிழமை ஆகும்" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. முழு விவரமும் கையில் இல்லாமல் பாதியைச் சொல்லி அவளை நான்கு நாள் தூங்காமல் அடிப்பதில் என்ன லாபம்? நான் மட்டும் தூங்கவில்லை.

திங்கட்கிழமை தகட்டில் பழுப்பு நிறம் நன்றாகப் பிடித்திருந்தது. ஏற்பி உண்டு என்று அர்த்தம். ஆபரேஷனுக்குப் பிறகு டாமோக்ஸிஃபென் என்ற மாத்திரை கேட்கும் என்று அர்த்தம். அவளுடைய துண்டுகள் எடுத்த நிமிஷமே ஃபார்மலினில் விழுந்தவை. அதனால் அந்தப் பதிலை நம்ப முடிந்தது. ஐந்து வருஷம் மாத்திரை சாப்பிட்டாள். இப்போது பேரனுக்கு மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நிற்கிறாள். என்னோடு பேசக்கூட நேரம் கிடைப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு, ரிப்போர்ட் தாமதமானாலே கெட்ட செய்தி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சதை கெட்டியாக இருந்தால் ஊற நாளாகும். எலும்பு கலந்திருந்தால் அதை மிருதுவாக்கவே பல நாள் வேண்டும். ஒன்றுமில்லாத கட்டியை ஒன்றுமில்லை என்று நிச்சயமாகச் சொல்வதற்காகக்கூட டாக்டர் இன்னும் ஒரு தகடு வெட்டச் சொல்வார். "ஆபரேஷன் மேஜையில் இருக்கும்போதே இருபது நிமிஷத்தில் சொல்கிறார்களே?" என்று கேட்பீர்கள். உண்டு. சதையை உறைபனியாக்கி அப்போதே வெட்டிப் பார்ப்பது அது. ஸர்ஜன் இன்னும் வெட்டலாமா, நிறுத்தலாமா என்பதற்கு அந்தப் பதில் போதும். முடிவான பதில் மெழுகிலிருந்துதான் வரும்.

இன்னொன்றும் பல பேருக்குத் தெரியாது. ரிப்போர்ட் வந்ததோடு அந்த மெழுகுக் கட்டியைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை. நம்பர் வரிசையில் பல வருஷங்கள் அடுக்கி வைத்திருப்பார்கள். வேறு ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரிடம் யோசனை கேட்க விரும்பினால், காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். "என் பிளாக்கும் ஸ்லைடும் வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். மறுபடி ஊசி இல்லாமலே புதிய தகடு வெட்டிக்கொள்ளலாம். கைப்பையிலேயே வைத்துக்கொண்டு நேராகப் போங்கள். வெயிலில் நிற்கிற ஸ்கூட்டரின் பெட்டிக்குள் போட்டுவிட்டு ஜவுளிக்கடைக்குள் நுழைந்துவிடாதீர்கள், மெழுகல்லவா, உருகிவிடும்.